புதுப்பிப்பு: கோலாலம்பூர் வேலை வாய்ப்புக் கண்காட்சிக்குப் போகும் மாணவர்களுக்கு

ரெஸ்யூமேயை அச்சடித்துக் கொண்டுபோங்கள் என்று முன்பு எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பல பூத்களில் தாளை வாங்குவதில்லை. கியூஆர் குறியீட்டைக் காட்டி அங்கேயே பதிவேற்றச் சொல்கிறார்கள். கேஎல்சிசி மாநாட்டு மையம் போன்ற பெரிய மண்டபத்தில் கூட்டம் சேர்ந்தால் இணையம் தவழும். பிடிஎஃப் கோப்பை 2 எம்பிக்குள் சுருக்கிக் கைப்பேசியிலேயே வைத்திருங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் துறையும் இருக்கட்டும். ‘ரெஸ்யூமே ஃபைனல் 3’ என்று அனுப்பினால் யார் தேடுவார்? அச்சுப் பிரதி பத்து போதும். ரெஸ்யூமேயில் ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் போடாதீர்கள்.

தொழிற்பயிற்சி தேடுபவர்கள் எந்தத் தேதியிலிருந்து, எத்தனை வாரம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது ஒத்துவராவிட்டால் சிஜிபிஏ (மொத்த மதிப்பெண் சராசரி) எவ்வளவு இருந்தும் பேச்சு நகராது.

சம்பளம் பற்றிப் பூத்தில் என்ன விசாரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். அடிப்படை எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். அடிப்படை 3,000 ரிங்கிட் என்றால் இபிஎஃப்புக்கு (ஊழியர் சேமநிதி) உங்கள் பங்கு 11 விழுக்காடு, அதாவது 330 ரிங்கிட். முதலாளி 13 விழுக்காடு போடுவார். சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) தனி. பயண அலவன்ஸுக்கு இபிஎஃப் கிடையாது. அதனால்தான் மொத்தத் தொகையை மட்டும் சொல்லும் பூத்தில் கொஞ்சம் நின்று விசாரிக்க வேண்டும். ‘பதிவுக் கட்டணம்’ கேட்டால் நிற்கவே வேண்டாம்.