ஒரே தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன்? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய தொட்டி 240 லிட்டர் கொள்ளளவும் 120 சென்டிமீட்டர் நீளமும் உடையது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன், அதில் 15 நியான் டெட்ராக்களையும் நாணய அளவே இருந்த 4 ஏஞ்சல் மீன் குஞ்சுகளையும் விட்டேன். இரண்டுமே அமேசான் படுகையைச் சேர்ந்தவை, இரண்டுக்குமே சற்று அமிலத்தன்மை கொண்ட மென்னீர் ஒத்துவரும், இரண்டுமே அமைதியானவை என்று படித்த பிறகுதான் அந்த முடிவுக்கு வந்தேன். படித்ததில் எதுவும் பொய்யில்லை.

ஏழு மாதங்கள் குறையேதும் இல்லாமல் கழிந்தன. எட்டாம் மாதத்தில் ஒரு நாள் எண்ணியபோது 14 நியான்களே இருந்தன, மறுவாரம் 12. இறந்த மீன் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வடிகட்டியைப் பிரித்துப் பார்த்தேன்; தொட்டிக்குப் பின்னால் தரையில் தேடினேன்; நோயோ என்று அஞ்சி நீரைச் சோதித்தேன். மீன் கழிவால் நீரில் சேரும் நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகவே இருந்தன. ஒரு விடியற்காலையில், தொட்டி விளக்கு எரிவதற்கு முன், ஓசையின்றி அருகில் அமர்ந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. இரவில் நியான்களின் நீலக்கோடு மங்கிவிடும். கூட்டமாக நீந்துவதை விட்டுத் தனித்தனியே செடியோரங்களில் அசையாமல் நிற்கும். அப்படி நின்றிருந்த ஒன்றை, நான்கில் பெரிய ஏஞ்சல் மெதுவாக நெருங்கி ஒரே வாயில் எடுத்துக்கொண்டது.

பகல் முழுவதும் சண்டையிடாத மீன், துரத்தாத மீன், எப்படி இதைச் செய்தது என்று அன்று முழுவதும் எனக்கு மனம் ஆறவில்லை. பிறகு யோசித்தபோது, சண்டைக் குணத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று விளங்கியது. வளர்ந்த ஏஞ்சலின் உடல் 15 சென்டிமீட்டர் வரை வரும். நியானோ 4 சென்டிமீட்டரைத் தாண்டாத ஒல்லியான மீன். நான் வாங்கிய நாளின் அளவை வைத்துப் பொருத்தம் பார்த்தேனே தவிர, ஓராண்டுக்குப் பின் வரப்போகும் அளவை எண்ணிப் பார்க்கவில்லை. மீதமிருந்த நியான்களை 60 லிட்டர் தொட்டி ஒன்றுக்கு மாற்றிவிட்டேன். ஏஞ்சல்களுடன் இப்போது 8 கோரிடோராஸ் என்னும் சிறு கெளுத்திகள் மட்டும் அடித்தளத்தில் மேய்கின்றன. நடு நீர்மட்டம் வெறுமையாக இருக்கிறது. அங்கே எதை விடலாம் என்று, நேரில் வளர்த்துப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

* * *

நண்பரே, எதை விடக் கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். டைகர் பார்ப் வேண்டாம். நான் 5 டைகர் பார்ப்களை ஓர் இணை முத்து கௌராமியுடன் வைத்திருந்தேன். கௌராமியின் அடிவயிற்றில் நூல் போலத் தொங்கும் இரண்டு துடுப்புகள் உண்டல்லவா, அவற்றால்தான் அது எதிரே உள்ள பொருளைத் தொட்டு அறிகிறது. பத்தே நாளில் அந்த நூல்கள் இரண்டும் கத்தரித்தது போல் குட்டையாகிவிட்டன. கௌராமி மூலையில் ஒடுங்கி உண்ணாமல் இருந்தது. உங்கள் ஏஞ்சல்களுக்கும் அதே போன்ற நீளமான துடுப்புகள்தாம். அவற்றின் கதியும் அதுவாகவே இருக்கும். பிளாக் ஸ்கர்ட் டெட்ராவும் துடுப்பைக் கொத்தும் வழக்கமுடையதுதான். உருவம் பொருந்துகிறதே என்று அதைத் தேர்ந்துவிடாதீர்கள்.

ஆனால் டைகர் பார்ப்பைக் கெட்ட மீன் என்று ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன். கௌராமிகளை வேறு தொட்டிக்கு மாற்றிய பின், பார்ப்களின் எண்ணிக்கையை 10 ஆக்கினேன். அவை கூட்டத்துக்குள்ளேயே ஒன்றையொன்று விரட்டித் தங்களுக்குள் மேல்கீழ் வகுத்துக்கொள்ளும் இயல்புடையவை. எண்ணிக்கை குறைவாக இருந்தால் அந்த விரட்டல் அயல் மீன் மீது திரும்புகிறது. இப்போது அதே தொட்டியில் குட்டைத் துடுப்பும் மிகுந்த வேகமும் உடைய ஸீப்ரா டேனியோக்கள் ஓராண்டாகக் காயமின்றி இருக்கின்றன. எண்ணிக்கையைக் கூட்டிவிட்டால் கௌராமியையும் திரும்பச் சேர்க்கலாம் என்று யாரும் இதைப் பொருள்கொள்ள வேண்டாம். அந்த ஆபத்து குறையுமே தவிர அகலாது.

* * *

என் அனுபவம் ஏஞ்சலைப் பற்றியதன்று. எனினும், பாசியைத் தின்னும் என்று சொல்லிச் சக்கர் மீனை எல்லாத் தொட்டிகளிலும் சேர்த்துவிடும் பழக்கம் இருப்பதால் இதை எழுதுகிறேன். என்னிடம் வால் விரிந்த, மெதுவாக நீந்தும் 3 தங்கமீன்கள் இருந்தன. கண்ணாடியில் பாசி படிகிறதே என்று விரல் நீளச் சக்கர் ஒன்றைச் சேர்த்தேன். சில மாதங்களில் தங்கமீன்களின் விலாவில் வெளிறிய வட்டங்கள் தோன்றின. பூஞ்சைத் தொற்று என்று எண்ணி, மருந்து போட்டும் உப்பு போட்டும் மூன்று வாரம் கழித்தேன். வட்டங்கள் ஆறவில்லை, புதிதாகவும் வந்தன. இரவில் மங்கலான விளக்குடன் பார்த்தபோது, உறங்கும் தங்கமீன் ஒன்றின் பக்கவாட்டில் சக்கர் வாயைப் பதித்து ஒட்டிக்கொண்டிருந்தது. மீனின் உடலை நோயிலிருந்து காக்கும் வழுவழுப்பான சளிப்படலத்தை அது சுரண்டித் தின்றுகொண்டிருந்தது.

அந்தச் சக்கரை நான் பட்டினி போட்டிருந்தேன் என்பதுதான் உண்மை. கண்ணாடிப் பாசி அதற்குப் போதவே போதாது. விளக்கணைந்த பின் அடியில் மூழ்கும் உணவு வில்லைகளும், வேகவைத்த காய்த்துண்டும், சுரண்டுவதற்கு மரக்கட்டையும் அதற்குத் தேவை. அப்படிக் கொடுத்திருந்தாலும் இந்தச் சேர்க்கை சரிப்படாது என்றே இன்று நினைக்கிறேன். தங்கமீன் 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ந்த நீரில் நலமாக இருக்கும். சக்கருக்கு 24 டிகிரிக்கு மேல் வேண்டும். இரண்டில் ஒன்று எப்போதும் துன்பப்பட்டுக்கொண்டே இருக்கும். போதாததற்கு, விரல் நீளத்தில் வரும் அந்த மீன் 30 சென்டிமீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. பெரிதாகிவிட்டது என்று தயவுசெய்து யாரும் அதைக் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். பல நாடுகளில் அது அவ்வாறு பரவி, அங்கே இயல்பாக வாழும் மீன்களுக்குக் கேடு விளைவித்துக்கொண்டிருக்கிறது. பெரிய தொட்டி வைத்திருந்த ஒருவரிடம் என்னுடையதை ஒப்படைத்தேன். தங்கமீன்களின் காயங்கள் ஒரு மாதத்தில் ஆறின.

* * *

சுருக்கமாக ஒன்று. ஃபைட்டர் மீன் ஆணுடன் கப்பி மீன் ஆண்களை வைத்தேன். வண்ண வாலை விரித்து நீந்தும் கப்பியை அது தன் இனத்துப் போட்டி ஆணாகவே எடுத்துக்கொண்டது. இரண்டாம் நாளே பிரித்துவிட்டேன்.

* * *

ஏஞ்சல் வைத்திருக்கும் நண்பருக்கு: உங்கள் நான்கில் ஓர் இணை சேர்ந்துவிட்டால் நிலைமை வேறாகிவிடும் என்பதையும் எண்ணி வையுங்கள். என் தொட்டியில் ஓர் இணை, அகன்ற இலை ஒன்றைத் தேர்ந்து துடைத்து முட்டையிட்ட அன்று, மற்ற இரு ஏஞ்சல்களும் தொட்டியின் மறுகோடியில் நீர்ப்பரப்பை ஒட்டியே நின்றன. ஓராண்டு ஒன்றாகவே வளர்ந்தவை அவை. மறைவிடம் எத்தனை வைத்தும் பயனில்லாமல், இணையைத் தனித்தொட்டிக்கு மாற்றிய பிறகே அமைதி திரும்பியது.

நடு மட்டத்துக்கு என் பரிந்துரை காங்கோ டெட்ரா. ஆப்பிரிக்காவின் காங்கோ படுகையிலிருந்து வருவதாயினும் நீர்த் தேவை ஏஞ்சலுக்கு நெருக்கமானது. ஆண் 8 சென்டிமீட்டர் வரை வளர்வதால் ஏஞ்சலின் வாய்க்குள் அடங்காது. என்னிடம் 8 மீன்கள் மூன்றாண்டுகளாக ஏஞ்சல்களுடன் இருக்கின்றன. ஒரு துடுப்பும் கிழிந்ததில்லை. இடம் வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அது உங்களிடம் இருக்கிறது. குஞ்சாக வாங்காமல், குறைந்தது 5 சென்டிமீட்டர் வளர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

* * *

பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சக்கர் மீனைப் பற்றி எழுதியவரின் பகிர்வைப் படித்த அன்றே, அடுத்த மாதம் ஒரு சக்கர் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

8 காங்கோ டெட்ராக்களை வாங்கி, 60 லிட்டர் கொள்ளளவுள்ள வேறொரு தொட்டியில் தனிமையில் வைத்திருக்கிறேன். இன்று ஒன்பதாம் நாள். வெள்ளைப் புள்ளி நோயின் அறிகுறி எதுவும் இதுவரை தென்படவில்லை. ஆயினும் நான்கு வாரம் முடியாமல் மாற்றப் போவதில்லை. மாற்றும் நாளில் பெரிய தொட்டியின் கட்டைகளையும் கற்களையும் இடம் மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்த பின்பே அவற்றை உள்ளே விடுவேன். தாங்கள் பிடித்து வைத்திருக்கும் மூலைகள் ஏஞ்சல்களுக்கு அடையாளம் தெரியாமல் போனால், புதியவற்றை விரட்டுவது குறையும். இணை பற்றிச் சொன்ன நண்பர் சொன்னது போலவே, இரண்டு ஏஞ்சல்கள் சில நாட்களாக வடிகட்டிக் குழாயைத் துடைக்கின்றன. அவற்றுக்கென்று இன்னொரு தொட்டியில் நீர் நிரப்பி, கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அங்கும் பரவட்டும் என்று, பழைய வடிகட்டியின் பஞ்சில் பாதியைப் புதிய வடிகட்டிக்குள் வைத்து ஓடவிட்டிருக்கிறேன்.