விஆர் ஷோரூமில் அரக்குப் புடவை ரோஸாகத் தெரிகிறது, எங்கே தப்பு?

தறிக்குறிப்பு:
பட்டுப்புடவைகளை விஆரில் காட்டுகிற சின்ன ஷோரூம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். யூனிட்டி கேம் எஞ்சின், அதன் யூஆர்பி ரெண்டரர், கம்ப்யூட்டர் இல்லாமல் தனியாக ஓடும் ஹெட்செட். போட்டோஷாப்பில் சிவப்பு, பச்சை, நீலம் 128, 0, 32 என்று இருக்கும் அரக்கு, ஹெட்செட்டில் சாயம் போன ரோஸ் மாதிரி வருகிறது. லைட்டைக் குறைத்தால் மற்ற புடவையெல்லாம் இருட்டில் போய்விடுகிறது. பாஸ்த்ரூவை (ஹெட்செட் கேமரா வழியாக வெளியே இருப்பதைக் காட்டுவது) போட்டு நிஜப் புடவையைக் கையில் பிடித்து ஒப்பிட்டும் பார்த்தாயிற்று, ஒத்தே வரவில்லை. கடைக்காரர் "இது என் சரக்கே இல்லை தம்பி" என்கிறார். திரையே இப்படித்தானா, நான்தான் சொதப்புகிறேனா?

சாம்பல்128:
முதலில் பாஸ்த்ரூவை வைத்து நிறம் பார்ப்பதை விடுங்கள். அதில் தெரிவது உங்கள் கையில் உள்ள புடவை இல்லை, கேமரா பிடித்து, ஒயிட் பேலன்ஸ் போட்டு, அதே திரையில் திரும்பக் காட்டுகிற புடவை.

திரையைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. 128, 128, 128 சாம்பலை ஒரு டெக்ஸ்சராக, அதாவது படமாக (மெட்டீரியல் கலரில் வேண்டாம்) அன்லிட் பலகையில், லைட் பாதிக்காத பலகையில் ஒட்டுங்கள், கடைசியில் படத்தின் மேல் ஏறும் போஸ்ட் ப்ராசஸிங் எல்லாவற்றையும் அணையுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஐட்ராப்பரால் தொட்டுப் பாருங்கள். 128 பக்கம் வந்தால் சரி. 188 என்றால் காமா (திரைக்காகப் பிரகாச எண்ணை மாற்றும் கணக்கு) ஒரு தடவை கூடுதலாக ஏறியிருக்கிறது, 55 என்றால் கூடுதலாக இறங்கியிருக்கிறது. உங்கள் அரக்கை அப்படி ஏற்றினால் 188, 0, 99 வரும், அப்பட்டமான ரோஸ். எனக்கென்னவோ அதுதான் என்று தோன்றுகிறது.

தறிக்குறிப்பு:
அண்ணா, 188தான்! மாஸ்க் மேப்புக்காக (நிறமில்லாமல் வெறும் அளவுகளை வைத்திருக்கும் படம்) எப்போதோ எழுதிய இம்போர்ட் ஸ்கிரிப்ட், புடவைப் படங்களுக்கும் சேர்த்து, இது நிறப்படம் என்று சொல்லும் எஸ்ஆர்ஜிபி டிக்கை எடுத்துவிட்டிருக்கிறது. இரண்டு வாரமாக லைட்டைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ரோஸ் போய்விட்டது, ஆனால் அரக்கு கொஞ்சம் கருத்து, காபித்தூள் பக்கம் சாய்கிறது.

வாசல்வெளிச்சம்:
டோன்மேப்பிங்கில் (காட்சியின் வெளிச்சத்தைத் திரை காட்டக்கூடிய அளவுக்குள் அடக்கும் கணக்கு) ஏசிஇஎஸ் என்ற வகையை வைத்திருப்பீர்கள். சினிமாத் தோற்றத்துக்கு அது நல்லது, சரக்கு விற்க ஆகாது, கான்ட்ராஸ்டை ஏற்றி அடர்நிறங்களை அமுக்கும். நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். இந்த மாதிரிப் பொருள் காட்டும் வேலைக்கென்றே கிராபிக்ஸ் தரங்களை வகுக்கும் க்ரோனோஸ் அமைப்பு 2024இல் பிபிஆர் நியூட்ரல் என்று ஒரு டோன்மேப்பிங்கை வெளியிட்டது, சில வரிக் கணக்குதான், ஷேடரில் (நிறத்தைக் கணக்கிடும் சின்ன புரோகிராம்) நீங்களே எழுதிவிடலாம். ஒன்று, காட்சியின் விளக்குகள் நிறமில்லாத வெள்ளையாக இருந்தால்தான் அதற்குப் பலன். அழகுக்காக மஞ்சள் லைட் போட்டுவிட்டு நிறம் மாறுகிறது என்று அழக்கூடாது.

அதைவிட முக்கியம், எந்த வெளிச்சத்து நிறம் "சரி" என்று கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள். டியூப்லைட்டில் பிடித்த புடவையை அம்மாக்கள் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது சும்மா இல்லை. போட்டோ எடுக்கும்போது 24 கட்டக் கலர்செக்கர் அட்டை (ஒப்பிட்டுத் திருத்த, அளவு தெரிந்த நிறங்கள் அச்சிட்டது) பக்கத்தில் இருந்ததா? இல்லையென்றால் அந்த 128, 0, 32ஐயே நான் நம்பமாட்டேன்.

தறிக்குறிப்பு:
அட்டை இல்லை, மொபைலில் எடுத்தது. திரும்ப எடுக்கிறேன். மயில் கழுத்துப் புடவைக்கு என்ன செய்ய? போட்டோவில் ஒரே நீலம்தான் விழுகிறது.

ஊடும்பாவும்:
அதற்கு எந்த அட்டையும் உதவாது. பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம், பார்க்கிற கோணத்துக்கு ஏற்ப ஒன்று மேலே வரும். ஒரே ஆல்பிடோவில் (பொருளின் அடிப்படை நிறம்) அதை அடைக்க முடியாது. இரண்டு நூல் நிறத்தையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு நூல் திசைகளுக்கும் தனித்தனி அனைசோட்ரோபிக் பளபளப்பு, அதாவது திசைக்கேற்ப மாறும் பளபளப்பு கொடுங்கள். வெறும் ஃப்ரெனல் (சாய்வாகப் பார்க்கும்போது கூடும் பளபளப்பு) போட்டால் ஓரம் மட்டும் மின்னும், பிளாஸ்டிக் பை மாதிரி இருக்கும். பார்வைத் திசையை இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகக் கணக்கிட மறக்காதீர்கள். நடுவில் ஒரே கேமரா என்று வைத்தால் பளபளப்பு துணிமேல் வரைந்த படமாக ஒட்டிக்கொள்ளும்.

தறிக்குறிப்பு:
சரி, ஞாயிற்றுக்கிழமை கடை மொட்டைமாடியில் நிழலில் வைத்து எடுக்கிறேன். அட்டை யாரிடமாவது இரவல் கிடைக்குமா?