பொதுவில் எழுதிய சொந்த விஷயம் வீடு வரை வந்துவிட்டது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

மல்லிகைச்சரம்:

கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. வீட்டில் வாயைத் திறந்தால் அடுத்த நாளே எந்தக் கோயிலில் தொட்டில் கட்டுவது என்று பேச்சு ஆரம்பித்துவிடும். அதனால் 2 வருடத்துக்கு முன்பு, பெண்கள் நிறைய பேர் எழுதும் ஒரு பொதுக் குழுவில் புனைபெயரில் எழுதினேன். மூன்று ஐ.யு.ஐ. (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) செய்தும் கரு நிற்காதது, என் ஏ.எம்.எச். (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு, கணவருக்கு விந்தணு எண்ணிக்கை எவ்வளவு வந்தது, எல்லாவற்றையும். அவர் நைட் ஷிஃப்டுக்குப் போன பிறகு ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். விடிவதற்குள் நாற்பது பேருக்கு மேல் பதில் போட்டிருந்தார்கள். அதில் ஒரு அக்கா, "எச்.எஸ்.ஜி. (கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரே) எடுத்துப் பார்க்காமலா மூன்று தடவை செய்தார்கள்?" என்று கேட்டிருந்தார். அந்த ஒரு வரியால்தான் எனக்கு ஒரு பக்கக் கருக்குழாய் அடைத்திருப்பதே தெரிய வந்தது. அதை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

நான்கு மாதம் கழித்து ஓரகத்தியின் வளைகாப்பு. வளையல் அடுக்கிக்கொண்டிருக்கும்போது சின்ன மாமியார் என் பக்கம் திரும்பி, "மூணு ஊசி போட்டும் நிக்கலையாமே, அவனுக்கும் ஏதோ குறையாமே" என்றார். கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன். பெயர்தான் போடவில்லையே தவிர, கல்யாணமான வருடம், எங்கள் ஊர், அவர் நூல் மில்லில் நைட் ஷிஃப்ட் என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். எங்கள் சொந்தத்தில் அந்த மூன்றும் பொருந்துகிற ஆள் நான் ஒருத்திதான். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, பார்க்க வேண்டிய எல்லோரும் பார்த்து முடித்த பிறகு கடைசியாக எனக்குத் தெரிகிறது.

அதைவிட வலித்தது என் கணவர் கேட்டது. கத்தவில்லை. "உன் உடம்பைப் பத்தி எழுதினது சரி. என் ரிப்போர்ட்டை எழுத என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இதே மாதிரி நடந்தவர்கள் எழுதுங்கள். அது பொதுக் குழு, யாரும் படிக்கலாம் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் அங்கே இருந்தவர்களிடம்தானே பேசினேன்? அதைத் தூக்கிக்கொண்டு போய், எனக்கு வலிக்கும் என்று நன்றாகத் தெரிந்த இடத்தில் போடுவதை எப்படிச் சரி என்கிறார்கள்?

கொங்குத்தமிழன்:

சகோதரி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. என் விஷயம் வேறு மாதிரி, ஆனால் நிறைய அப்பா அம்மா செய்கிறதுதான். மகன் பத்தாம் வகுப்பில் 471 மதிப்பெண். அந்தச் சந்தோஷத்தில் மதிப்பெண் பட்டியலை அப்படியே படம் எடுத்து ஊர்க் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, என் சொந்தப் பக்கம் எல்லாவற்றிலும் போட்டேன். பையனின் போட்டோ, பிறந்த தேதி, பதிவெண் எல்லாம் அதில் பளிச்சென்று தெரிகிறது. தேர்வு முடிவைப் பார்க்க இணையத்தில் கேட்பதே பதிவெண்ணும் பிறந்த தேதியும்தான் என்பது அந்த நேரத்தில் ஏனோ உறைக்கவில்லை. ஐந்தாறு நாளில் ஒரு போன். கல்வித்துறையிலிருந்து உதவித்தொகை வந்திருக்கிறது என்று சொல்லி, பையன் பெயர், பள்ளி, ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண் என்று வரிசையாகச் சொன்னார்கள். இவ்வளவு தெரிந்தவன் உள்ளே இருக்கிற ஆளாகத்தான் இருப்பான் என்று வீட்டுக்காரம்மா நம்பிவிட்டார். பணம் ஏற வேண்டும் என்றால் ஒரு கியூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். ஸ்கேன் செய்து யூபிஐ பின் நம்பரைப் போட்டதும் 9,000 ரூபாய் போய்விட்டது. உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தோம். பணம் இன்னும் திரும்பவில்லை.

வாழ்த்துச் சொன்னவர்கள் முந்நூறு பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவரும், "அண்ணே, அந்த நம்பரை மறைச்சுப் போடுங்க" என்று சொல்லவில்லை. இப்போது யாராவது இப்படிப் போட்டால் நான் தனியாக மெசேஜ் அனுப்பிச் சொல்லிவிடுகிறேன்.

பெயர் வேண்டாம்:

நான் மறுபக்கத்தில் இருந்தவள். ஒரு பெண் தன் கணவர் குடிப்பதைப் பற்றி எழுதியிருந்தார். என் தங்கைக்கு அதே நிலைமை, அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எங்கள் அக்கா தங்கை குழுவில் போட்டேன். அங்கிருந்து எங்கெங்கோ போய் அந்தப் பெண்ணிடமே திரும்பி வந்திருக்கிறது. யார் அனுப்பியது என்று அவருக்குத் தெரியாது. அதற்கப்புறம் அவர் எழுதுவதையே நிறுத்திவிட்டார். மல்லிகைச்சரம், உங்கள் சொந்தக்காரர் கெட்ட எண்ணத்தில் செய்தாரா தெரியாது. நான் நல்ல எண்ணத்தில்தான் செய்தேன், ஆனாலும் நடந்தது அதேதான்.

நீதிமன்ற வாசல்:

நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த மாதிரி வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே?" என்றுதான். ஆமாம், 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஆனால் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-வது பிரிவைப் படித்தால் மனசு விட்டுப்போகும். ஒருவர் தன் விவரத்தைத் தானே பொதுவில் வெளியிட்டிருந்தால் அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சமூக ஊடகத்தில் எழுதுகிற ஒருவரைத்தான் அங்கே உதாரணமாகவே கொடுத்திருக்கிறார்கள். மல்லிகைச்சரம், உங்கள் கணவரின் ரிப்போர்ட் விஷயம் வேறு. அவர் அதை வெளியிடவில்லை, நீங்கள் வெளியிட்டீர்கள். அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கிறது.

எங்களிடம் வழக்குக்கு வந்த ஒருவர் எழுதியதை ஒரு யூடியூப் சேனலில் அப்படியே வாசித்து, அவருடைய செல்ஃபியையும் போட்டிருந்தார்கள். தனியுரிமை என்று புகார் கொடுத்தோம், அசையவில்லை. அப்புறம்தான் சீனியர் சொன்னார்: எழுத்து அவருடையது, படம் அவரே எடுத்தது, 1957-ஆம் வருடப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி இரண்டுக்கும் சொந்தக்காரர் அவர். அப்படிப் புகார் எழுதியதும் வீடியோ இறங்கிவிட்டது. குடும்ப வாட்ஸ்அப்பில் இது செல்லாது, அங்கே போய் யார் இறக்குவது? ஆனால் வீடியோவாக, பதிவாக எடுத்துப் போடுகிறவர்களிடம் இந்த வழியை முயன்று பாருங்கள்.

மல்லிகைச்சரம்:

எல்லோருக்கும் நன்றி. பெயர் வேண்டாம் தோழி, உங்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முடிந்தால் அந்தப் பெண்ணைத் தேடி, அனுப்பியது நான்தான் என்று சொல்லிவிடுங்கள். யார் என்று தெரியாமல் எல்லோரையும் சந்தேகத்தோடு பார்ப்பது இருக்கிறதே, அதுதான் ராத்திரி தூங்க விடாது.

பதிவை அழித்துவிடச் சொல்லி அம்மாகூடச் சொன்னார். அழித்தால் கீழே இருக்கிற அத்தனை பேருடைய பதிலும் சேர்ந்து போய்விடும். போன வாரம்கூட யாரோ ஒரு பெண் அங்கே வந்து, எச்.எஸ்.ஜி. எடுக்கும்போது வலிக்குமா என்று கேட்டிருந்தார். அதனால் அழிக்கவில்லை. ஊர், வருடம், மில், அவருடைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மீதியைத் திருத்தி வைத்தேன். ஸ்கிரீன்ஷாட் வைத்திருப்பவர்களிடம் பழையதுதான் இருக்கும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

சேமிப்பதற்கு முன்னால் போனை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். "நைட் ஷிஃப்டுன்னு கீழ ஒரு இடத்துல இன்னும் இருக்கு பாரு" என்றார். அதையும் எடுத்தேன்.