‘ஸ்டடி’க்கு ஆய்வா, கற்கையா, படிப்பா? – வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

விழுப்புரத்திலிருந்து:

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம். பொருளியல் மாணவர்கள் சிலர் அடுத்த வாரம் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று விவரம் சேகரிக்கப் போகிறார்கள். அவர்கள் கொண்டுபோகும் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கும் பொறுப்பு என்னுடையது. இரண்டு பக்கப் படிவத்தில் ‘ஸ்டடி’ என்னும் சொல் 14 இடங்களில் வருகிறது. சென்ற ஆண்டு அனைத்தையும் ‘ஆய்வு’ என்றே பெயர்த்திருந்தேன். ‘எங்கள் ஆய்வாளர் உங்கள் வீட்டுக்கு வருவார்’ என்ற வரியை ஒரு மாணவி படித்துக் காட்டியதும், கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டி உள்ளே போய்க் குடும்ப அட்டையையும் வீட்டுவரி ரசீதையும் எடுத்துவந்து திண்ணையில் பரப்பி, “எல்லாம் சரியா இருக்கு தாயி” என்று கைகூப்பினார். காவல் ஆய்வாளர், வருவாய் ஆய்வாளர், ஆட்சியரின் திடீர் ஆய்வு ஆகியவையே அவர் அறிந்த ஆய்வுகள். விருப்பமிருந்தால் மட்டும் பதில் சொல்லலாம் என்று தெரிவிக்க வேண்டிய தாளே அவரை அச்சுறுத்திவிட்டது. ‘படிப்பு’ என்று மாற்றிப் பார்த்தேன். ‘எங்கள் படிப்பில் பங்கேற்கச் சம்மதமா’ என்பது முதியோர் கல்விக்கு ஆள் சேர்ப்பதுபோல் ஒலிக்கிறது. வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. வழி சொல்லுங்கள்.

கோவையிலிருந்து:

சொல்லின் மேல் குற்றமில்லை ஐயா. ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்’ என்பது தொல்காப்பிய உரியியல். உள்ளதை நுணுக்குவதே ஆய்தல். வீட்டில் கீரை ஆய்கிறார்களே, பழுத்த இலையையும் முற்றிய தண்டையும் புல்லையும் ஒவ்வொன்றாகக் கிள்ளி விலக்கி நல்லதை மட்டும் முறத்தில் சேர்க்கிறார்களே, அதைவிடத் துல்லியமான விளக்கம் எந்த ஆராய்ச்சி நெறிமுறை நூலிலும் கிடைக்காது. ஆய்த எழுத்துக்கு அப்பெயர் வந்ததும் அந்த நுணுக்கத்தால்தான் என்பது என் நெடுநாள் எண்ணம். அதைத் தனி மடலில் விரிக்கிறேன். மனுநீதிச் சோழன் வாயிலில் தொங்கியதும் ஆராய்ச்சி மணிதான். அன்று ஆராய்ச்சி வேண்டுமென்று மணியடித்தது பசு. விடை சொல்ல வேண்டியிருந்தவன் அரசன். இன்ஸ்பெக்டருக்கு ‘ஆய்வாளர்’ என்று பெயர் சூட்டிய பிழைக்காக மூலச்சொல்லைக் கைவிடுவது எனக்கு உடன்பாடில்லை. ‘ஆய்வு’ வேண்டவே வேண்டாம் என்றால் ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்ற குறளின் வழியில் ‘நாடல்’ என்று ஆக்கிக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

‘கள நாடல்’ என்று படிவத்தில் அச்சிட்டால், அந்த அம்மையார் குடும்ப அட்டையோடு வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டையும் சேர்த்து எடுத்து வருவார். இங்கே எங்களுக்கு இந்தச் சிக்கலே எழுவதில்லை. இன்ஸ்பெக்டர் எங்களிடம் பொலிஸ் பரிசோதகர். ஆகவே ‘ஆய்வாளர்’ என்ற சொல் சீருடை அணிந்து வராது. பல்கலைக்கழகத்தில் மாணவர் பயில்வது கற்கைநெறி. ‘கற்கை’ பேச்சிலும் எழுத்திலும் உயிரோடிருக்கிற சொல். செய்கை, வருகை போல ‘கை’ விகுதி பெற்ற தொழிற்பெயர். மாணவரின் கற்கை, ஒரு துறையைப் பற்றிய கற்கைகள், களக் கற்கை என்று மூன்று நிலைக்கும் அது இடங்கொடுக்கும். புதிதாக ஒன்றை ஆக்குவதற்கு முன் கடலுக்கு இப்புறமும் ஒருமுறை பாருங்கள்.

சென்னையிலிருந்து:

ஒரே சொல் மூன்று நிலைக்கும் வேண்டும் என்ற எதிர்பார்ப்பே ஆங்கிலம் நம்மீது வைத்த சுமை. ‘ஸ்டடி’யின் இலத்தீன் வேர் முதலில் சுட்டியது ஊக்கத்தையும் வேட்கையையும். படிப்பு, படிப்பறை, கள ஆராய்ச்சி, ஓவியர் பழகுவதற்கு வரையும் மாதிரிப் படம் ஆகிய பொருள்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. தமிழ் தன் போக்கில் வேறிடத்தில் பிரித்தது, வேறிடத்தில் சேர்த்தது. 1964-இல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘ரிசர்ச்’; 1970-இல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘ஸ்டடீஸ்’. தமிழில் இரண்டுக்கும் ஆராய்ச்சி ஒன்றே. ஆங்கிலம் பிரித்ததை நாம் சேர்த்தோம் என்றால், அது சேர்த்ததை நாம் பிரிக்கவும் செய்யலாம்.

இன்னொன்று. 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களின் நிலைமையைத் திரட்டினார். அது 1918-இல் நூலாக வந்தது. 1930-களில் அவ்வூர்களுக்கு மறுபடியும் சென்று பார்த்தார்கள். தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம் ஆகியவற்றோடு அந்த வரிசையில் உள்ள இருவேல்பட்டு உங்கள் விழுப்புரம் மாவட்டத்து ஊர். போனவர்களுக்கு அது பாடம், பேராசிரியருக்கு ஆராய்ச்சி. ஊராருக்கோ யாரோ சிலர் வந்து நிலம், கூலி, கடன் பற்றிக் கேட்டுப் போன கதை. உங்கள் படிவத்தைப் படிக்கப் போகிறவர் இந்த மூன்றாமவர். அவருக்குப் பெயர்ச்சொல் எதற்கு? ‘கல்லூரி மாணவர்கள் உங்கள் ஊரின் நிலவரத்தைத் தெரிந்துகொள்ள வருகிறார்கள்’ என்று வினையாக எழுதிவிடுங்கள்.

கோவையிலிருந்து:

பிள்ளைக்குப் பெயர் வைக்காமலே பள்ளிக்கு அனுப்புகிற வேலை இது. படிவத்தை எப்படியும் எழுதிவிடலாம். அந்த மாணவர் நாளை ஆய்வேட்டைத் தமிழில் எழுதும்போது தலைப்பில் என்ன போடுவார்? ‘நூல்பயில் இயல்பே நுவலின்’ என்று நன்னூலார் தொடங்குகிறாரே, அதிலிருந்து ‘பயில்வு’ என்று ஒன்று எடுக்கலாமே. கற்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் எம் பக்கத்தில் அதைக் கேட்டவர், கல்லைக் கையில் எடுத்துவிட்டார்கள் என்று எண்ணக்கூடும்.

சென்னையிலிருந்து:

ஐயா, அந்த நூற்பாவில் நீங்கள் நிறுத்திய இடத்துக்கு அடுத்த சொல் ‘வழக்கறிதல்’, அதாவது மக்களிடம் சொல் வழங்கும் முறையை அறிதல். நூல் பயில்வதற்குப் பவணந்தியார் வைத்த முதற்படியே அதுதான்.

விழுப்புரத்திலிருந்து:

அனைவருக்கும் நன்றி. நேரமில்லாததால் சென்னை அன்பர் சொன்ன வழியின் பக்கம் சாய்ந்துவிட்டேன். 11 இடங்களில் வினையாக்கிவிட்டேன். தலைப்பிலும், கல்லூரியின் அறநெறிக் குழுவுக்காக எழுதிய இரண்டு வரிகளிலும் ‘மாணவர் கள ஆய்வு’ நிற்கிறது. ‘ஆய்வாளர்’ என்பதை முற்றிலும் நீக்கி ‘மாணவர்’ ஆக்கினேன். எதிர்வீட்டு அம்மாவிடம் படித்துக் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “படிக்கிற பிள்ளைங்க, மத்தியானம் சாப்பாட்டுக்கு என்ன பண்ணும்?” திருத்திய படிவத்தை இணைத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

‘கள ஆய்வு’ என்பதைவிடக் ‘களக் கற்கை’ நன்று என்ற என் கருத்து மாறவில்லை. அடுத்த பதிப்பிலாவது கவனத்திற் கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து:

வினையாக்கியதில் எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அது நிற்க, மூன்றாம் பத்தியில் ‘ஆய்வு குழு’ என்று ஒற்று விடுபட்டிருக்கிறது. ‘ஆய்வுக் குழு’ என்று திருத்தியபின் அச்சுக்கு அனுப்பவும்.