புல் சாகவில்லையா? கிளைபோசேட்டும் அது அடைக்கும் நொதியமும்

ஹட்டன் பக்கம்:
மருந்தடித்து மூன்றாம் நாளும் புல் பச்சையாக நின்றால் கலப்படம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கிளைபோசேட் என்ற களைகொல்லி இலையைச் சுடும் மருந்தில்லை. செடிக்குள் ஈபிஎஸ்பி சிந்தேஸ் என்ற ஒரு நொதியத்தை, அதாவது வேதிமாற்றத்தை நடத்தும் புரதத்தை, அடைக்கிறது, அவ்வளவுதான். செடி சில அமினோ அமிலங்களை, அதாவது புரதத்தின் கட்டைகளை, செய்யும் வழிக்குச் சிக்கிமேட் பாதை என்று பெயர். அதன் ஏழு படிகளில் இந்த நொதியத்தின் வேலை ஆறாவது. அது நின்றால் பினைல்அலனின், டைரோசின், டிரிப்டோபன் என்ற மூன்று அமினோ அமிலங்களும் புதிதாக உருவாகாது. கையிருப்பு தீரும்வரை புல் தாங்கும். ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், நுவரெலியாக் குளிரில் இன்னும் இழுக்கும்.

அதற்குள் அவசரப்பட்டு வெட்டினால் மருந்து வேருக்கு இறங்காது. சேற்றுக் கானில் தண்ணீர் மொண்டு கலக்கவும் வேண்டாம். களிமண் மருந்தைப் பிடித்துக்கொள்ளும்.

பதுளை:
நொதியத்தின் உருவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈ.கோலை பக்டீரியாவில் இது 427 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலி. இரண்டு மடல், நடுவில் கீல். இந்த நொதியம் இரண்டு மூலப்பொருட்களை இணைக்கும். முதலில் சிக்கிமேட்-3-பொஸ்பேட் வந்து உட்காரும். உடனே கொழுந்து கிள்ளும் இரண்டு விரல் போல மடல்கள் மூடும். அடுத்து இரண்டாவது மூலப்பொருளான பொஸ்போஈனோல்பைருவேட் வரவேண்டிய இடத்தில் கிளைபோசேட் குந்திக்கொள்கிறது. நொதியத்தைப் படிகமாக்கி எடுத்து 2001இல் வந்த படங்களில் இது தெளிவாகத் தெரிந்தது.

தலவாக்கலை:
அண்ணே, அப்போ தேயிலைக்கு ஒன்றும் ஆகாதா?

பதுளை:
ஆகும் தம்பி, தேயிலையிலும் அதே நொதியம்தான். சாரல் பட்ட கொழுந்து வெளிறி, இலை நாடா மாதிரி ஒடுங்கி வரும். தேநீருக்குத் துவர்ப்பைத் தரும் கட்டெக்கின்களுக்கும் பினைல்அலனின் வேண்டும். காற்றில்லாத காலையில், மூடி போட்ட நொசிலால், குறைந்த அழுத்தத்தில் அடிக்கவேண்டும். ஆறு மணித்தியாலத்துக்குள் மழை வந்தால் பாதி வீண். மனிதருக்கு இந்த நொதியம் இல்லை என்று கையுறையைக் கழற்றிவிடாதீர்கள், அது வேறு கதை.

ஹட்டன் பக்கம்:
குரக்கனுக்கு உறவான காட்டுப் புல் இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். மலேசியாவில் அந்தப் புல்லின் நொதியச் சங்கிலியில் 106ஆம் இடத்து அமினோ அமிலமான புரோலின், செரின் என்ற வேறொன்றாக மாறியது. சிலவற்றில் 102ஆம் இடத்துத் திரியோனினும் ஐசோலியூசினாகியது. இரண்டும் சேர்ந்தால் மருந்து போய்க் குந்தும் வாசலே ஒடுங்கிவிடும். பொஸ்போஈனோல்பைருவேட் நுழையும், மருந்து நுழையாது. அப்படிப்பட்ட புல்லுக்கு அளவைக் கூட்டுவது காசுக்குக் கேடு. பூ விடும் முன்னே வேரோடு பிடுங்கி மலையைவிட்டு வெளியே கொண்டுபோங்கள்.