சூப்பர்ஹீரோ ஸ்பின்-ஆஃப்: தாய்த்தொடருக்குள்ளேயே பைலட் எடுப்பதா, தனியாக எடுப்பதா?

கேள்வி: கதைப்பலகை

வணக்கம் நண்பர்களே. சூப்பர்ஹீரோ ஸ்பின்-ஆஃப், அதாவது ஒரு தொடரிலிருந்து கிளைக்கும் புதுத் தொடர், ஒன்றுக்கு சீரிஸ் பைபிள் (கதை, பாத்திரங்கள் பற்றிய அடிப்படை ஆவணம்) தயாராகிறது. தாய்த்தொடர் இரண்டாவது சீசனில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நெட்வொர்க் கணக்கில் சீசனுக்கு 22 எபிசோட். தெரிய வேண்டியவை இவை:

புதுக் கதாபாத்திரத்தை தாய்த்தொடரில் எத்தனை எபிசோடுக்குக் காட்டலாம்? பேக்டோர் பைலட், அதாவது தாய்த்தொடரின் ஒரு எபிசோடையே புதுத் தொடரின் பைலட்டாக (முன்னோட்ட எபிசோடாக) எடுப்பது, நல்ல வழியா? "பழைய ஹீரோ ஏன் உதவிக்கு வரல?" என்ற கேள்வியை எப்படிச் சமாளிப்பது? ஏற்கெனவே வந்த தொடர்களில் எது சரியாக நடந்தது, எது சறுக்கியது என்று சொன்னால் நல்லது.

பதில் 1: மின்னல்கீற்று

முதல் இரண்டு கேள்விக்கும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 'ஏரோ'விலிருந்து 'தி ஃப்ளாஷ்' வந்த விதத்தைத்தான். 'ஏரோ'வின் இரண்டாம் சீசன், 8, 9 ஆகிய இரண்டே எபிசோடுகளில், பிறகு ஃப்ளாஷ் ஆகப்போகும் பேரி ஆலன் வருகிறார். ஒளிபரப்பானது 2013 டிசம்பர் 4, 11. அதே சீசனின் 20ஆவது எபிசோடை பேக்டோர் பைலட்டாக எடுப்பதுதான் முதல் திட்டம். சிடபிள்யூ சேனல் அதைக் கைவிட்டுத் தனி பைலட்டாக எடுக்கச் சொன்னது. சரியான முடிவு என்பேன். அந்தப் பைலட்டுக்குத் தேவையானது வேகமாக ஓடுகிறவன், வெளிச்சமான ஊர், லேசான மனநிலை. 'ஏரோ'வின் இருட்டுக்கும் கோபத்துக்கும் நடுவே இதைச் செருகியிருந்தால் இரண்டுமே கெட்டிருக்கும்.

அந்த இரண்டு எபிசோடில் பேரி என்ன செய்கிறார் என்று உட்கார்ந்து குறித்துப் பாருங்கள். 'ஏரோ'வின் நாயகன் ஆலிவரின் ஊருக்கு ஒரு தடயவியல் நிபுணராக வருகிறார். சக்தி எதுவும் கிடையாது. அம்மா கொலையான விதம், அதற்காக அப்பா சிறையில் இருப்பது என்று அவருடைய காயம் அவருடன் வருகிறது. அதற்கும் ஆலிவருக்கும் சம்பந்தமே இல்லை. அதே சமயம் தாய்த்தொடரின் அந்த வாரக் கதைக்கும் அவர் தேவைப்படுகிறார், ஆலிவரின் உயிரைக் காப்பாற்றுவதே அவர்தான். விருந்தாளியாக வந்தவர் வீட்டு வேலையில் கைகொடுக்கிறார், ஆனால் தன் பெட்டியைத் திறக்காமலேயே கிளம்புகிறார். அப்படித்தான் அறிமுகம் அமைய வேண்டும்.

9ஆவது எபிசோடின் கடைசியில் மின்னல் தாக்குகிறது. புதுத் தொடரின் பைலட்டில் அவர் 9 மாத கோமாவிலிருந்து எழுகிறார். 'தி ஃப்ளாஷ்' தொடங்கியது 2014 அக்டோபர் 7. கதைக்குள் ஓடிய காலமும் காலண்டரில் ஓடிய காலமும் கிட்டத்தட்ட ஒன்று. இடைவெளியை மறைக்கத் தனியாக ஒரு வசனம்கூடத் தேவைப்படவில்லை. உங்கள் பைபிளில் இப்படி ஒரு கால அட்டவணையைக் கட்டாயம் போடுங்கள். அறிமுக எபிசோட் ஒளிபரப்பாகும் மாதம், புதுத் தொடர் தொடங்கும் மாதம், நடுவில் அந்த ஆள் எங்கே இருக்கிறார், ஏன் யார் கண்ணிலும் படவில்லை. இந்த நான்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பதில் 2: ஒப்பந்தமே ஆதாரம்

மேலே சொன்னது கதைப் பக்கம். பல ஸ்பின்-ஆஃப் விழுவது காகிதப் பக்கத்தில்.

விருந்தினர் வேடத்துக்கு நடிகரை ஒப்பந்தம் செய்யும்போதே, "தொடர் உறுதியானால் இத்தனை வருடம், எபிசோடுக்கு இவ்வளவு" என்ற ஆப்ஷனையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அமெரிக்க நெட்வொர்க் தொடர்களில் அது வழக்கமாக 6, 7 வருடத்துக்குப் போகும். விருந்தினர் எபிசோட் வெற்றி பெற்ற பிறகு பேச உட்கார்ந்தால் விலை உங்கள் கையில் இருக்காது. தாய்த்தொடரின் நிரந்தர நடிகரைத்தான் கொண்டுபோகிறீர்கள் என்றால், அவர் மேல் முதல் உரிமை தாய்த்தொடருக்கு. பைலட் அதற்கு அடுத்த இடத்தில்தான் நிற்கும். படப்பிடிப்புத் தேதி மோதினால் தோற்பது நீங்கள்.

எழுத்தாளர் விஷயமும் உண்டு. தாய்த்தொடரின் ஓர் எபிசோடுக்காக ஒருவர் உருவாக்கிய கதாபாத்திரம் தனித் தொடருக்குப் போனால், அதற்கான தொகை அவருக்குச் சேர வேண்டும் என்று டபிள்யூஜிஏ (அமெரிக்க எழுத்தாளர் சங்கம்) ஒப்பந்தத்தில் விதிகள் இருக்கின்றன. முதல் வரைவு யாருடையது, பெயர் யார் வைத்தது என்பதைத் தேதியோடு பதிவு செய்யுங்கள். காமிக்ஸிலிருந்து வந்த பாத்திரம் என்றால் கணக்கே வேறு.

இனி சறுக்கல். 'ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்' தொடரிலிருந்து பாபி, ஹன்டர் இருவரையும் வைத்து 'மார்வெல்ஸ் மோஸ்ட் வான்டட்' திட்டமிடப்பட்டது. 2015 மே மாதம் ஏபிசி சேனல் வேண்டாம் என்றது. ஆகஸ்டில் பைலட்டுக்கு ஒப்புக்கொண்டது. 2016 மார்ச்சில், மூன்றாம் சீசனின் 13ஆவது எபிசோடில், கண் கலங்கும்படியான ஒரு விடைபெறும் காட்சியோடு இருவரையும் தாய்த்தொடரிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மே மாதம் ஏபிசி மறுபடி வேண்டாம் என்றது. தாய்த்தொடர் இரண்டு நல்ல பாத்திரங்களை இழந்தது, பதிலுக்கு எதுவும் வரவில்லை. புதுத் தொடருக்கான ஆர்டர் கையில் வரும்வரை யாரையும் நிரந்தரமாக வெளியே அனுப்பாதீர்கள். மருத்துவ விடுப்பு, தொலைதூரப் பணி, தலைமறைவு என்று திரும்பி வரக்கூடிய காரணமாக எழுதுங்கள்.

பேக்டோர் பைலட்டின் இன்னொரு ஆபத்து, பதில் சொல்லாமல் விடும் கொக்கி, அதாவது அடுத்து என்ன என்று தொங்கலில் விடும் முடிவு. 'ஏரோ'வின் கடைசி சீசனில், இறுதி எபிசோடுக்கு முந்தைய 9ஆவது எபிசோட், 'கிரீன் ஏரோ அண்ட் தி கேனரீஸ்' என்ற தொடருக்கான பைலட். 2020 ஜனவரியில் வந்தது. ஆலிவரின் மகள் மியாவின் அண்ணன் வில்லியம் கடத்தப்படுவதோடு முடிந்தது. 2021 ஜனவரியில் அந்தத் தொடர் இல்லை என்று ஆனது. அந்தக் கடத்தலைப் பற்றிப் பேச மியா 'தி ஃப்ளாஷ்' தொடருக்குள் வர வேண்டியிருந்தது, அதுவும் 2021 இறுதியில். எட்டு வருடம் கூடவே வந்த ரசிகருக்கு அது நியாயமே இல்லை. கொக்கி போடலாம், ஆனால் அந்த எபிசோடின் சொந்தக் கதை அதற்குள்ளேயே முடிந்துவிட வேண்டும்.

பேக்டோர்தான் வேண்டும் என்று மேலிடம் சொன்னால்: சுமார் 42 நிமிடத்தில் புது முகங்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். தாய்த்தொடரின் நாயகன் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு காட்சிகளிலாவது இருக்கட்டும், முடிவில் அவர் எடுக்கும் ஒரு தீர்மானத்தால் ஏதாவது மாற வேண்டும். அவரை நாற்காலியில் உட்கார வைத்து மற்றவர்களை வேடிக்கை பார்க்க விட்டால், அந்த வாரம் டிவி முன் உட்கார்ந்தவருக்கு ஏமாற்றம்தான்.

பதில் 3: கோதம்வாசி

"அவர் ஏன் வரல?" என்ற கேள்விக்கு நான்.

மூன்று வழி பார்த்திருக்கிறோம். ஒன்று, உலகத்தையே பிரிப்பது. 'சூப்பர்கேர்ள்' 2015இல் சிபிஎஸ் சேனலில் தொடங்கியது. 'தி ஃப்ளாஷ்' சிடபிள்யூவில். இரண்டும் வேறு வேறு பூமி என்று வைத்ததால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவளுடைய சொந்த உலகத்திலேயே சூப்பர்மேன் இருந்தார்! முதல் சீசன் முழுக்க அவரை நிழலாகவும் குறுஞ்செய்தியாகவும் காட்டி ஓட்டினார்கள். அது மெல்ல மெல்ல உறுத்தத் தொடங்கியது. இரண்டாம் சீசனில் நடிகரையே கொண்டுவந்த பிறகுதான் சரியானது.

இரண்டாவது வழி, ஆபத்தின் அளவைக் குறைப்பது. எனக்குப் பிடித்தது இதுதான். 2024இல் எச்பிஓவில் வந்த 'தி பெங்குயின்' 8 எபிசோட். 'தி பேட்மேன்' திரைப்படம் முடிந்து ஒரு வாரத்தில் கதை தொடங்குகிறது. பேட்மேன் ஒரு காட்சியில்கூட இல்லை. கடைசியில் வானத்தில் அவரை அழைக்கும் வௌவால் சின்ன விளக்கு மட்டும். போதைச் சரக்கு, குடும்பப் பகை, யார் தலைவர் என்ற போட்டி எல்லாமே அவர் வராமலேயே நடக்கக்கூடியவை. நகரம் அழியப்போகிறது என்று எழுதிவிட்டு அவர் வெளியூர் போயிருக்கிறார் என்றால் யார் நம்புவார்?

மூன்றாவது, ஆரம்பத்தில் வரவழைத்துவிட்டு ஒதுக்குவது. 'ஃப்ளாஷ்' பைலட்டில் ஆலிவர் சில நிமிடம் வந்து பேரிக்குத் தைரியம் சொல்கிறார். 4ஆவது எபிசோடில் ஆலிவரின் குழுவைச் சேர்ந்த ஃபெலிசிட்டி மட்டும். முழு கிராஸ்ஓவர், அதாவது இரண்டு தொடரின் ஆட்களும் சேரும் கதை, 8ஆவதில்தான். நடுவில் இருந்த எபிசோடுகளில் பேரி தன் வீட்டைத் தானே கட்டிக்கொண்டார்.

பைபிளில் "தாய்த்தொடர் நாயகனின் பெயரே இல்லாமல்" ஒரு பக்கச் சுருக்கம் எழுதிப் பாருங்கள். புரியாமல் போனால், உங்களிடம் இருப்பது தாய்த்தொடரின் நீண்ட எபிசோட்தான். அதற்குப் பிறகு எபிசோட் யோசனைகள். 22 வேண்டும் என்றால் 22க்கும் ஒவ்வொரு வரி. பத்திலேயே மூச்சு முட்டினால் கதையின் எஞ்சின் பலவீனம்.

மறுகேள்வி: கதைப்பலகை

மிக்க நன்றி, கால அட்டவணை யோசனை பெரிய உதவி. இன்னும் இரண்டு. ஓடிடியில் 8 எபிசோட் என்றால் பைலட்டே தேவையில்லை, முழு சீசனும் ஒரேயடியாக எடுக்கலாம் என்கிறார்களே? நாயகன் நடுவில் விலகினால்?

பதில் 4: மின்னல்கீற்று

பைலட் இல்லாமல் எடுக்கலாம், தவறு தெரிய நேரமாகும். 'டேர்டெவில்: பார்ன் அகெய்ன்' 18 எபிசோடாகத் திட்டமிடப்பட்டு, கணிசமான பகுதி எடுத்த பிறகு, 2023 இறுதியில் எழுத்துக் குழுவையே மாற்றினார்கள். புது ஷோரன்னர் (தொடரின் தலைமைப் பொறுப்பாளர்) வந்து முதல் எபிசோடையும் கடைசி இரண்டையும் புதிதாக எடுத்து, பழையதை நடுவில் வைத்துத் தைத்தார். 2025 மார்ச்சில் வந்தது 9 எபிசோட். முதல் எபிசோடை எடுத்து, எடிட் செய்து பார்த்துவிட்டு மீதியைத் தொடங்க அட்டவணையில் ஆறு வாரமாவது ஒதுக்கச் சொல்வேன். செட் வாடகை ஓடும்தான், மறுபடி எடுப்பதைவிடக் குறைவு.

நாயகன் விலகினால்: 'பேட்வுமன்' முதல் சீசனோடு நடிகை விலகியதும், அதே பாத்திரத்துக்கு உடனே இன்னொருவரைப் போடாமல், ரையன் வைல்டர் என்று புது ஆளை உருவாக்கி உடையை அவளிடம் கொடுத்தார்கள். முதல் சீசனின் குடும்பப் பகை முழுக்கப் பழைய நாயகியின் ரத்த உறவில் கட்டப்பட்டது, அதனால் புதியவளை அதில் பொருத்தப் பெரும் பாடுபட வேண்டியிருந்தது. 'ஜென் வி'யில் நடித்த சான்ஸ் பெர்டோமோ 2024இல் காலமானபோது வேறு யாரையும் அந்த இடத்தில் நிறுத்தவில்லை. இரண்டாம் சீசன் கதையைத் திருத்தி எழுதினார்கள். அங்கே மாணவர்கள் ஒரு கூட்டமாக இருந்தார்கள், கதையின் பாரம் ஒரே தோளில் இல்லை. உங்கள் பைபிளில் வில்லனின் பகையை நாயகனோடு மட்டும் கட்டாமல், குழுவில் இன்னும் இருவரோடாவது முடிச்சுப் போட்டு வையுங்கள்.