பிரேக் பெடல் அதிர்ந்தது, பயந்து காலை எடுத்துவிட்டேன்

புதுக்கை எழுதியது:

வணக்கம். லைசென்ஸ் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

மழை அப்போதுதான் தூற ஆரம்பித்திருந்தது. வேகம் 60. முன்னால் ஒரு வேன், இடையில் மூன்று கார் நீளம் இருக்கும். அதன் பிரேக் லைட் எரிந்ததும் முதலில் கிளட்ச்சை மிதித்தேன், அப்புறம்தான் பிரேக். பாதி அழுத்தியும் வண்டி நிற்கிற மாதிரித் தெரியவில்லை. இன்னும் அழுத்தினேன். பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. ஏதோ உடைகிற மாதிரிச் சத்தம் வேறு. பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டேன். ஒரு கணம்தான். திரும்ப மிதிப்பதற்குள் என் பம்பர் வேனின் பின்பக்கத்தில் முட்டிவிட்டது.

யாருக்கும் அடி இல்லை. பம்பரில் ஒரு விரிசல், அவ்வளவுதான். ஆனால் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த மகளின் பென்சில் டப்பா திறந்துகொண்டு, பென்சில்கள் எல்லாம் என் சீட்டுக்கு அடியில் உருண்டு முன்னால் வந்தன. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவள் அழவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. வீடு வரும்வரை இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மெக்கானிக் பேட், டிஸ்க், பிரேக் ஆயில் எல்லாம் பார்த்துவிட்டு வண்டியில் கோளாறே இல்லை என்கிறார். அப்படியானால் அந்த அதிர்வு என்ன? கிளட்ச் முதலிலா, பிரேக் முதலிலா? எவ்வளவு இடைவெளி விட்டிருந்தால் முட்டாமல் நின்றிருப்பேன்?

பக்கத்துசீட் எழுதியது:

இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். நீங்கள் காலை எடுத்த அந்த ஒரு கணத்தை என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களிடம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுக்காததால் வருகிற பயம் அது. உங்கள் மேல் கோபப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

அந்த அதிர்வுதான் ஏ.பி.எஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஆன்டி-லாக் பிரேக். சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சறுக்கப் போகிறது என்று தெரிந்ததும், அந்தச் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் விட்டு விட்டுப் பிடிக்கிறது. ஒரு நொடிக்குள் பல முறை. அதனால்தான் பெடல் காலைத் திருப்பித் தள்ளுகிற மாதிரி இருக்கும், கடகடவென்று சத்தமும் வரும். உடைகிற சத்தம் இல்லை, வேலை செய்கிற சத்தம். 1978-இல் பாஷ் நிறுவனத்தின் ஏ.பி.எஸ் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் பலர் அதை முதன்முதலில் உணர்வது ஒரு விபத்தின் நடுவில்தான். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். அது அதிரும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: இன்னும் அழுத்துங்கள், வண்டி நிற்கும்வரை காலை எடுக்காதீர்கள். சக்கரம் சுற்றிக்கொண்டிருப்பதால் ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்கும், பக்கத்தில் காலி இடம் இருந்தால் திருப்பலாம். பூட்டிக்கொண்ட சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் சறுக்கும்.

அடுத்து, நீங்கள் முதலில் பாதி அழுத்தியது. எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். அவசரத்தில் கால் வேகமாகப் பெடலுக்குப் போகிறது, ஆனால் போதுமான பலத்தோடு அழுத்துவதில்லை. மெர்சிடிஸ்காரர்கள் ஓட்டுநர்களை சிமுலேட்டரில் உட்காரவைத்துப் பார்த்தபோதும் இதைத்தான் கண்டார்கள். அதற்காகவே 1996-இல் பிரேக் அசிஸ்ட் கொண்டுவந்தார்கள். கால் பெடலை அடிக்கிற வேகத்தை வைத்தே இது அவசரம் என்று புரிந்துகொண்டு, மீதி அழுத்தத்தை அதுவே கொடுக்கும்.

சரி, இடைவெளிக்கு வருகிறேன். 60 வேகம் என்றால் ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். கண் பார்த்து, மூளை புரிந்து, கால் நகர ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். களைப்பாக இருந்தாலோ, கவனம் வேறெங்காவது இருந்தாலோ ஒன்றரை நொடிகூட ஆகும். வேனும் நீங்களும் ஒரே பலத்தில் பிரேக் பிடித்தாலும், நீங்கள் ஒரு நொடி தாமதமாகத் தொடங்குவதால் இடைவெளியில் 17 மீட்டர் கரைந்துவிடும். உங்களிடம் இருந்தது மூன்று கார் நீளம், 12 அல்லது 13 மீட்டர். அதாவது காலை எடுக்காமலே இருந்திருந்தாலும், வேன்காரர் முழுப்பலத்தோடு மிதித்திருந்தால் நீங்கள் முட்டியிருப்பீர்கள். அவர் நிதானமாக நிறுத்தியதால்தான் விரிசலோடு போயிற்று.

அதோடு தூறல் தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தான் சாலை மிக மோசமாக வழுக்கும். தேங்கிய எண்ணெயும் தூசியும் நீரில் குழைந்து ஒரு படலமாகக் கிடக்கும். நன்றாகப் பெய்தால் அது கொஞ்சம் கழுவிப் போய்விடும்.

ஈரச்சாலையில் சுமாரான டயரோடு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால், 60-இல் நிற்க யோசிக்கிற தூரம் 17 மீட்டர், பிரேக் பிடிக்கிற தூரம் 28, மொத்தம் 45. அதுவே 50 என்றால் 14-உம் 19-உம் சேர்த்து 33. ஸ்பீடாமீட்டரில் பத்துதான் குறைகிறது, சாலையில் 12 மீட்டர் மிச்சம்.

என் மாணவர்களிடம் மறக்காமல் காட்டுகிற கணக்கு இன்னொன்று உண்டு. காய்ந்த நல்ல சாலை, இரண்டு கார்கள் பக்கம் பக்கமாகப் போகின்றன, ஒன்று 60, இன்னொன்று 80. ஒரே இடத்தில் ஒரே தடையைப் பார்த்து இருவரும் ஒரே நேரத்தில் பிரேக் அடிக்கிறார்கள். 60-இல் வந்தவர் யோசிக்கிற தூரத்தையும் சேர்த்து 36 அல்லது 37 மீட்டரில் நின்றுவிடுவார். அவர் நின்ற அதே இடத்தை 80-இல் வந்தவர் கடக்கும்போது அவருடைய வேகம் இன்னும் 60-க்குக் குறைந்திருக்காது. வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நாலு மடங்கு என்பதை எல்லோரும் படித்திருக்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டும்போதுதான் முகம் மாறுகிறது.

மீட்டர் கணக்கை ஓட்டும்போது போட முடியாது. அதனால் நொடி எண்ணுங்கள். முன்வண்டி ஒரு கம்பத்தையோ பலகையையோ கடக்கும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று வாய்விட்டு எண்ணுங்கள். சொல்லி முடிக்கும் முன் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் நெருக்கமாகப் போகிறீர்கள். காய்ந்த சாலைக்கு இரண்டு நொடி குறைந்தபட்சம், புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு நான் மூன்று சொல்வேன். மழையில் நான்குக்குக் கீழே இறங்காதீர்கள்.

கிளட்ச் விஷயம்: வேகத்தைக் குறைக்கும்போது பிரேக் முதலில். எஞ்சின் திணறுவதற்கு முன்னால் கடைசியில் கிளட்ச். முதலில் கிளட்ச்சை மிதித்தால் எஞ்சின் இழுப்பு விட்டுப்போய் வண்டி சுதந்திரமாக உருளும், அந்த அரை நொடியும் உங்களுக்குப் போய்விடும். உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் இரண்டையும் ஒரேயடியாக மிதியுங்கள், எஞ்சின் அணைவதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நெடுஞ்சாலைவாசி எழுதியது:

சார் சொல்வது சரிதான், ஆனால் நாலு நொடி இடைவெளி விட்டால் யாராவது உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். பிறகு அந்த வண்டிக்கும் எனக்கும் நடுவில் இடமே இருப்பதில்லை. இன்னொன்று, எங்கள் காலத்தில் ஈரச்சாலையில் பிரேக்கை விட்டு விட்டு அடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

பக்கத்துசீட் எழுதியது:

நுழையட்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுங்கள், சில நொடியில் இடைவெளி திரும்ப உண்டாகிவிடும். அரை மணி நேரப் பயணத்தில் பத்து வண்டி நுழைந்து, ஒவ்வொன்றுக்கும் நாலு நொடி விட்டுக்கொடுத்தாலும் நீங்கள் இழப்பது நாற்பது நொடி.

விட்டு விட்டு அடிப்பது ஏ.பி.எஸ் இல்லாத வண்டிக்கு உரிய பாடம். அந்த வண்டியை ஓட்டுகிறவர்களுக்கு இன்றும் அது தேவை. ஏ.பி.எஸ் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் அது செய்துகொண்டிருக்கிற வேலையை நீங்களே கெடுக்கிறீர்கள். எந்த வண்டி ஓட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏ.பி.எஸ் விளக்கு எரிந்து அணையும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் அன்றைக்கு உங்களிடம் ஏ.பி.எஸ் இல்லை என்று பொருள்.

ஸ்பேனர் எழுதியது:

உங்கள் மெக்கானிக் பேட், டிஸ்க் பார்த்தார், நல்லது. டயரைப் பார்த்தாரா? வண்டியை நிறுத்துவது கடைசியில் உள்ளங்கை அகலத்துக்கு தரையைத் தொடுகிற அந்த நாலு ரப்பர் துண்டுதான். காடிகளுக்கு நடுவே குறுக்காகச் சின்ன மேடுகள் இருக்கும், அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. மழையைப் பொறுத்தவரை அதற்கு ரொம்ப முன்பே மாற்றுவது நல்லது. தண்ணீரை வெளியே தள்ள காடியில் ஆழம் வேண்டும், மொட்டை டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். காடி ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போய் ஈரத்தில் பிடிக்காது.

பிரேக் ஆயில் அளவு சரியாக இருப்பது மட்டும் போதாது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்கிற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலையிலிருந்து பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரித் தரையைத் தொடும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள்.

அப்புறம் அந்தப் பென்சில்கள். படித்ததும் திக்கென்றது. பென்சில் போனால் போகட்டும், ஒரு தண்ணீர் பாட்டில் அப்படி உருண்டு வந்து பெடலுக்கு அடியில் மாட்டினால் பிரேக்கே இறங்காது. காரில் உருளக்கூடிய எதையும் மூடி போட்ட இடத்தில் வையுங்கள்.

புதுக்கை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டயரைப் பார்த்தேன். முன்பக்கம் இரண்டும் அந்த மேட்டுக்கு மிக அருகில் தேய்ந்திருந்தன, மாற்றிவிட்டேன். சாலையில் எண்ணிப் பார்த்தபோது என் வழக்கமான இடைவெளி ஒரு நொடிகூட இல்லை. இத்தனை மாதம் அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது.

நேற்று மழை விட்டதும், ஆள் நடமாட்டமே இல்லாத காலி மைதானத்தில், பின்னால் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 40 வேகத்தில் போய் முழுப்பலத்தோடு மிதித்துப் பார்த்தேன். முதல் தடவை என்னை அறியாமல் கால் தளர்ந்தது. மூன்றாவது தடவைதான் அதிர்வோடு அழுத்திப் பிடிக்க முடிந்தது. ஆறு தடவை செய்தேன். ஒரு சந்தேகம் சார், முழுக்க அழுத்தும்போது என் இடுப்பு சீட்டிலிருந்து எழும்புகிறது. இது சரியா?

பக்கத்துசீட் எழுதியது:

சரியில்லை, சீட் பின்னால் தள்ளி இருக்கிறது. பிரேக்கை அடிவரை மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், முதுகு சீட்டில் ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு மூன்று கட்டம் முன்னால் இழுத்துவிட்டு, குதிகால் தரையில் ஊன்றியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு கண்ணாடிகளைத் திரும்பச் சரிசெய்ய மறக்காதீர்கள், சீட் நகர்ந்தால் அதில் தெரிவதும் மாறிவிடும். மகள் பக்கத்தில் இருக்கும்போது இந்தப் பயிற்சி வேண்டாம். ஆனால் அந்த அதிர்வு என்ன என்பதை அவளுக்கு உட்கார்ந்து சொல்லுங்கள்.